இறக்கையின் நிறம்

"இறக்கை என்ன கலர்ல இருக்கு, சொல்லுங்க?"

பைனாகுலரை நீட்டியபடி ஆல்வின் கேட்டான்.

மாடம்பாக்கம் ஏரிக்கரை. மழை விட்டிருந்த காலை. வேலமரத்தில், இலைகளுக்குள் பாதி மறைந்தபடி, கொண்டை வைத்த குயில் ஒன்று நனைந்த இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

சாராளுக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகு இருவரும் தனியாகச் சந்திப்பது இதுதான் முதல் முறை. தாம்பரத்தில் அத்தனை காபி கடைகள் இருக்க, இவன் இங்கே வரச் சொன்னான். வந்ததிலிருந்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்கொத்தியின் அலகு என்ன கலர், கரையோரப் பூ என்ன கலர். இப்போது இது.

இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்களும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சமைப்பாயா, வேலையை விடுவாயா என்று. ஆனால் பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டே பார்த்தாள்.

"செங்கல் கலர்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது செஞ்சிறகுக் குயில்! சுடலைக்குயிலுக்கும் இதே கொண்டைதான். ஆனா அதுக்கு இறக்கை கறுப்பு, நடுவுல வெள்ளைத் திட்டு. சரி, தொண்டை என்ன கலர்?"

சாராள் பைனாகுலரை இறக்கினாள்.

"எதுக்குங்க இப்படி டெஸ்ட் வெச்சிக்கிட்டே இருக்கீங்க?"

ஆல்வின் ஏரியைப் பார்த்தபடி சொன்னான்.

"டெஸ்ட் இல்லைங்க. எனக்கு சிவப்பு தெரியாது. கறுப்பு மாதிரிதான் தெரியும். ரயில் ஓட்டணும்னு ஆசைப்பட்டேன், கண் பரிசோதனையிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. தனியா வந்தா இந்தக் குயில் ரெண்டுல எதுன்னு தெரியாமலேதான் வீட்டுக்குப் போவேன்."

சாராள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அம்மா சொன்னாங்க. எனக்கு மனசு வரல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல."

குயில் கிளை மாறி உட்கார்ந்தது. சாராள் மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். அவன் இன்னொரு முறை கேட்காமலே சொன்னாள், நிதானமாக, ஒவ்வொன்றாக: தொண்டை இளம் ஆரஞ்சு, பழுக்க ஆரம்பித்த பப்பாளி மாதிரி. வயிறு வெள்ளை. வால் கறுப்பு, நல்ல நீளம்.

அது பறந்து போகும்வரை சொன்னாள். அவன் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

"நான் கட்டியிருக்கிற புடவை என்ன கலர்னு தெரியுதா?"

ஆல்வின் சிரித்தான். காது மடல் சிவந்தது. அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

"தெரியல. வந்ததுலேருந்து அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். தைரியம் இல்லாமதான் மத்ததெல்லாம் கேட்டேன்."