பாதிக் கயிறு

கடல் ஊருக்குள் வந்து போன மறுநாள், பள்ளிக்கூடத் தரையெல்லாம் அடிபட்டவர்கள். ஆம்புலன்ஸ் ஒன்றுதான். முதலில் ஏற்ற வேண்டியவர் கையில் சிவப்புக் கயிறு, பிழைக்கமாட்டார் என்றால் கறுப்பு என்று டாக்டர் செண்பகவல்லி கட்டிக்கொண்டே போனாள். அஞ்சலையின் மகனுக்குக் கறுப்பு கட்டினாள். கால் நசுங்கிய மகளுக்குச் சிவப்பு.

டாக்டர் திரும்பி வந்தபோது மகள் அங்கேயே கிடந்தாள், கையில் கறுப்புக் கயிறு. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் அவளை ஏற்றாமல் போயிருந்தார்கள்.

"சிவப்பு எங்கேம்மா?"

"அவுத்துட்டேன் டாக்டரம்மா. தம்பிக்கு மட்டும் காத்துக்கருப்பு அண்டாம கட்டுனீங்க. பொட்டப்புள்ளைன்னா எளக்காரமா? அவன் கயித்துல பாதிய அறுத்து இவளுக்கும் கட்டுனேன்."

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தாள். அஞ்சலை மகளின் கையைத் தன் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. கட்டுன பெறகுதான் தம்பி முனகுறத நிறுத்தித் தூங்குறான்."