நகத்து நீலம்

போய்விடும். சாயம்தானே, தேய்த்தால் போகாமல் என்ன செய்யும்.

மெர்சி தனக்குள் சொல்லிக்கொண்டே கணவன் டேனியலின் வலது கையைச் சோப்பு நுரைக்குள் அமுக்கினாள். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாகிவிட்டது. கல்லுப்பு போட்டும் பார்த்தாகிவிட்டது. இப்போது பழைய டூத் பிரஷ்.

பதினோரு மணிக்குப் பள்ளிகொண்டாவில் டேனியலின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். நீல நகத்தோடு நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று சொல்லித்தான் அவனைக் குழாயடிக்கு இழுத்து வந்திருந்தாள்.

அது பொய்.

ஆம்பூரில் சாயக் கையைப் பார்த்து யார் முகம் சுளிக்கப்போகிறார்கள்? பன்னிரண்டு வருடமாகத் தோல் கம்பெனியில், தோலைப் போட்டுச் சுழற்றிச் சாயம் ஏற்றும் டிரம் ஓட்டுகிற கை அது. ஒரு வாரம் கறுப்பாக வரும், ஒரு வாரம் காப்பிப்பொடி நிறத்தில் வரும். இந்த முறை நீலமாக வந்தபோது, எந்த ஊர் மகாராணிக்குச் செருப்பு தைக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தவள் அவள்தான்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் பார்த்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை அவளுக்கு.

"இன்னாக்கா, அண்ணன் நகம் இப்படிக் கீது?"

"சாயம்டி."

அஃப்ஸர் சிரிக்கவில்லை. "சாயம்னா தேய்ச்சா போய்டும். போவலன்னா சும்மா இருக்காதக்கா. நெஞ்சுல கோளாறு இருந்தாலும் நகம் இப்படி ஆவும்."

அப்போதிலிருந்து மெர்சி அந்த நகங்களையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது.

இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"இன்னா மெர்சி, ஆட்டுத்தோல்னு நெனச்சிட்டியா? உரிச்சிடுவ போல கீதே."

டேனியல் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

அவள் நிமிரவில்லை.

தண்ணீரை ஊற்றினாள். விரல்களை வெயிலில் நீட்டிப் பார்த்தாள்.

சாயம் கடைசிவரை எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பன்னிரண்டு வருடமாகத் துவைத்துத் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? நகத்தின் ஓரத்தில். தோல் மடிப்பில். ரேகையில்.

ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. மடிப்பில் ஒரு பொட்டு நிறம் இல்லை. நகத்துக்கு அடியில் மட்டும், கலங்காமல், அந்த நீலம்.

உள்ளே இறங்கியிருக்கும். ஒரு மாதமாக ஒரே நிறம் ஓடினால் இறங்காதா?

"எத்தினி நாளா நீலம் ஓட்றீங்க கம்பெனில?"

ஒரு மாசம் என்று அவன் சொல்லிவிட வேண்டும். கர்த்தரே, அப்படியே சொல்லிவிட வேண்டும்.

டேனியல் ஈரக் கையை உதறினான்.

"நீலமே ஓடல மெர்சி." பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னான். "நான் டிரம்முக்கே போறதில்ல. படி ஏறினா மூச்சு வாங்குது. மேஸ்திரி கலீம் பாய் பாத்துட்டு, பேக்கிங்ல உக்காந்து அட்டப்பெட்டி ஒட்டுன்னுட்டாரு. மாசம் ஒண்ணு ஆவுது."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"ஆஸ்பத்திரின்னு போய் நின்னா அந்த வேலையும் போய்டும். தங்கச்சி வீட்ல யாருக்கும் சொல்லாத. எதுவாயிருந்தாலும் கல்யாணம் முடியட்டும். சட்டய எடுத்துக் குடு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

மெர்சி உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்தாள். அவன் போட்டுக்கொண்டதும் பொத்தான்களை அவளே மாட்டிவிட்டாள். கடைசிப் பொத்தானை மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. துணிக்கு அடியில் அவன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"பஸ் ஏறலாம்," என்றாள். "பள்ளிகொண்டால எறங்க வேணாம். அதே பஸ்ஸு வேலூருக்குப் போவுது."