மூன்றேமுக்கால் அங்குலம்

அந்தச் சனிக்கிழமை கார் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், நான். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். புது உறை போட்ட முன் சீட் இரண்டையும் ஒன்பதரைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வருஷத்துக் கார். இரண்டு வருஷம் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து அதை எழுப்பி நிறுத்தியதில் பாதி வேலை மருமகளுடையது. மறுநாள் பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓட்டப் போகிறவரும் அவர்தான். அதற்கு இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் காரை மைதானத்தில் காட்டிப் பதிய வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

மருமகள் ஓட்டுவதில் பெரியவருக்குச் சம்மதமில்லை. சீட்டைத் தைக்கக் கொடுத்த அன்று என் கடையில் வைத்தே மகனிடம் சொன்னார். "அவ இந்த வண்டிய ஓட்டுறது எனக்குச் சரியாப் படல."

மகன் எட்டு போல்ட் வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தன. பெரியவர் ஒன்றை எடுத்து அதன் தலையைப் பார்த்தார்.

"பலத்தைக் காட்டுற எண்ணே இல்லையே. இது கதவுக்குக் கொக்கி மாட்டுற போல்ட்டு. வண்டி மோதினா சீட்டு ஆளோட பறக்கும்."

"கடைக்காரர் நல்லதுன்னாருப்பா."

"அவரா இதுல உட்காரப் போறாரு?"

எட்டையும் எடுத்துக்கொண்டு மகன் திரும்பப் போனார்.

"என்னைக் கட்டிக்கும்போதுகூட இந்த மனுஷன் இவ்வளவு பார்க்கல," என்றார் மனைவி.

மருமகள் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார்.

பதினொன்றேகாலுக்கு வேறு எட்டு போல்ட் வந்தன. தலையில் எண் பொறித்தவை. ஒன்றேகால் அங்குல நீளம். பெரியவர் ஒவ்வொன்றிலும் நட்டைப் போட்டு விரலால் கடைசி மரைவரை சுற்றிப் பார்த்தார். நான்கைத் துணிமேல் வைத்தார். நான்கை ஓரமாகத் தள்ளினார்.

"நாலு போதும். இன்னும் நாலு வேணும்."

"அதான் எட்டு இருக்கே."

"இது நீளம் பத்தாது. மூணேமுக்கால் அங்குலத்துல வேணும். இதே கனம், இதே எண்."

"ரெண்டு சீட்டும் ஒரே மாதிரிதானேப்பா? கழட்டின பழைய போல்ட்டு எல்லாமே ஒண்ணேகால்தான்."

"வாங்கிட்டு வா."

"கடை ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

"அப்ப நின்னு பேசாதே."

மகன் போனதும் மருமகள் வாயைத் திறந்தார். "மாமா, நான் ஓட்ட வேண்டாம்னா நேராவே சொல்லிடுங்க. பாவம், போல்ட்டு என்ன பண்ணுச்சு?"

பெரியவர் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

முப்பத்தொரு வருஷத்தில் எந்தக் காரின் சீட்டிலும் அத்தனை நீள போல்ட்டை நான் பார்த்ததில்லை. கிடைக்காத சாமானாகக் கேட்டுப் பொழுதைக் கடத்துகிறார் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு விஷயம், நமக்கெதற்கு.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மகன் வந்தார். நான்கு கடை ஏறி இறங்கினாராம். கடைசிக் கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது, குனிந்து உள்ளே போய் வாங்கினாராம்.

பெரியவர் நான்கையும் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. நான் மாட்டிடுறேன்."

நாங்கள் திரும்பி வரும்போது மணி இரண்டு. சீட் இரண்டும் ஏறியிருந்தன. பெரியவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் கையிடுக்கில் இரண்டு தலையணையோடு வந்தார்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"உட்கார்ந்து ஓட்டத்தாண்ணே. இது இல்லன்னா எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும். ரோடு தெரியாது."

"தலகாணி வேண்டாம்மா," என்றார் பெரியவர். "சும்மா உட்காரு."

உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்து, பிரேக்கை அழுத்திப் பார்த்தார். ஸ்டியரிங்குக்கு மேலே அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.

"பானட்டு நுனிவரைக்கும் தெரியுது, அத்தை."

மகன் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். மூலைக்கு ஒன்றாக நான்கு தடித்த இரும்புக் குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம், முனைகள் வழவழவென்று ராவியிருந்தன. சீட் அவற்றின்மேல் உயர்ந்து நின்றது. குழாய்க்குள்ளே இறங்கித் தரையைப் பிடித்திருந்தது நீள போல்ட்.

"அவ ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சோம்," என்றார் மனைவி.

"பிடிக்கலதான். பிரேக் அடிச்சா தலகாணி வழுக்குது. பெடல்ல இருந்து கால் எடுபட்டுப் போகுது. ரெண்டு தடவை பார்த்தேன்."

"அதை வாயைத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அந்த நீளத்துல போல்ட்டு கிடைக்கணுமே. கிடைக்கலன்னா வீணா ஆசை காட்டின மாதிரி ஆயிடும்."

மகன் தன் தலையையும் காரின் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே நான் உட்கார்ந்தா தலை இடிக்குமேப்பா."

"நீ எதுக்கு அங்க உட்கார்ற?"

அந்தச் சீட்டை மூன்று நாள் மடியில் போட்டுத் தைத்தவன் நான். நூல் என்ன நிறம் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். உட்காருகிறவர் என்ன உயரம் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

இரண்டேமுக்காலுக்குக் கார் கிளம்பியது. மருமகள் ஓட்டினார். பக்கத்துச் சீட்டில் யாரையும் கேட்காமல் மாமியார் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் மகனும் பின்னால்.

கொட்டகையில் மீதி இருந்தது நான், ஒன்றேகால் அங்குல போல்ட் நான்கு, தலையணை இரண்டு.