ஒத்தை ஸ்டார் மாமா

“முதலாளி, இன்னிக்கும் வந்துட்டார்யா நம்ம ஒத்தை ஸ்டார் மாமா!”

குறுந்தாடி கம்ப்யூட்டரை விட்டு எழுந்தான். இல்லாத மீசையை முறுக்கினான். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு வாசித்தான்.

“‘ஏன்யா, போட்டாச்சுங்கற பட்டனும் அப்புறம்ங்கற பட்டனும் ஒட்டிப் பொறந்த ரெட்டைப் புள்ளைங்களா? கை நடுங்குறவங்க எதைத் தொடுவாங்க, எது படும்? உமக்கும் வயசாகும்யா!’”

முதலாளிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

முதலாளி என்றால் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, மூன்று மேஜை, புரோகிராம் எழுத இந்தக் குறுந்தாடி. கம்பெனி அவ்வளவுதான். தயாரிப்பும் ஒன்றே ஒன்று: ‘மாத்திரை மணி’. வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப்.

ஆப் வெளியான இரண்டாம் நாளே ஒத்தை ஸ்டார் ஆரம்பித்துவிட்டார். “இது அலாரமாய்யா? எறும்பு தும்முன சத்தம்!” அடுத்து, எழுத்து சின்னது. அதற்கடுத்து, கலர் கண்ணைக் குத்துகிறது. எழுபது நாளில் நாற்பத்தொரு புகார், ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரே ஒரு ஸ்டார்!

“அந்த ஆள் வாயை அடைச்சே ஆகணும்” என்று ஒவ்வொரு தடவையும் மேஜையைக் குத்துவான் முதலாளி. “சரி பண்ணுடா. இன்னிக்கே!”

இன்றும் குத்தினான். “பட்டனை ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளு. மேடம் வர்றதுக்குள்ள முடி!”

மேடம் என்பது பதினொரு முதியோர் இல்லங்களை நடத்துகிறவர். அவர் தலையசைத்தால் பதினோரு இல்லத்திலும் கட்டிலுக்குக் கட்டில் மாத்திரை மணி அடிக்கும். அசைக்காவிட்டால் அடுத்த மாதம் கம்பெனி போர்டைக் கழற்றி சைக்கிள் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ஒரு நிமிஷம். அத்தையோட மாத்திரை விஷயமா...”

“அப்புறம்மா, அப்புறம்! இன்னிக்குப் பெரிய நாள்!” என்று துண்டித்தான்.

பிறகு குறுந்தாடி பக்கம் திரும்பினான். “அந்த ஒத்தை ஸ்டாரையெல்லாம் ஆப்போட பக்கத்துலேர்ந்து மறைச்சிடு.”

“நாப்பத்தொண்ணுமா?”

“ஒண்ணு விடாம!”

மறைத்தபின் பக்கம் பளபளவென்று இருந்தது. இருபத்தாறு பேர், இருபத்தாறுமே ஐந்து ஸ்டார். ‘சூப்பர்’ என்றது சித்தப்பா. ‘கலக்கிட்ட மாப்ளே’ என்றது பள்ளிக்கூட நண்பன். ‘ஆப் ரொம்ப அழகா இருக்குடா கண்ணா, சாப்பிட்டியா?’ என்றது சித்தி.

சரியாகப் பதினொரு மணிக்கு மேடம் வந்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளினார். நெற்றி சுருங்கியது.

“அவர் எங்கே?”

“எவர் மேடம்?”

“எறும்பு தும்மல்காரர். போன வாரம் பார்த்தேனே, பக்கம் பூரா திட்டிட்டு இருந்தார்.”

“அது வந்து... ஏதோ சின்ன கோளாறு மேடம்.”

குறுந்தாடிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“தம்பி, இந்த சூப்பர்காரங்கள்ல ஒருத்தராவது மறுநாள் ஆப்பைத் திறந்திருப்பாங்களா? அவர் எழுபது நாளா திட்டறார். அப்படின்னா அவர் வீட்ல யாரோ எழுபது நாளா இதை வெச்சுத்தான் மாத்திரை போடறாங்க. அவர் கேட்டதெல்லாம் மறுநாளே சரியாகியிருக்கு. நான் படியேறி வந்ததே அதைப் பார்த்துதான். அவரைக் கூப்பிடுங்க. அவர் சரின்னா நானும் சரி.”

முதலாளி போனை எடுத்தான். வாடிக்கையாளர் நம்பர் கம்பெனிக்கே தெரியாது. புகார் எழுதியவரோடு ஆப் வழியாகவே பேச ‘அழை’ என்று ஒரு பட்டன் மட்டும் உண்டு. அதை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டான். நாலு தடவை மணி அடித்தது.

“யாருய்யா அது?”

அதே கரகரப்பு! தான் கற்பனையில் பேசிய குரல் நேரிலேயே வந்துவிட்டதைக் கேட்டுக் குறுந்தாடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, வணக்கம்! மாத்திரை மணி ஓனர் பேசறேன். ஒரு மேடம் கேக்கறாங்க. நம்ம ஆப்பை நாலு பெரியவங்களுக்குக் குடுக்கலாமாய்யா?”

கரகரப்புக் குரல் கனைத்துக்கொண்டது.

“தாராளமா குடுக்கலாம்யா. எங்க வீட்டுப் பெரியவங்க எழுபது நாள்ல ஒரு வேளை மாத்திரைகூடத் தவறலை. ஓனரு காது கேக்காத ஆளு. ஆனா கெட்டிக்காரன்!”

மேடம் கலகலவென்று சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். “பதினோரு இல்லமும் உங்களுக்குத்தான் தம்பி!”

குறுந்தாடி ஒரு குதி குதித்தான். கீழே சைக்கிள் கடைக்காரர் “அடேய், கூரை!” என்று கத்தினார். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! உங்களை நேர்ல வந்து கும்பிடணும். வீடு எங்கேய்யா?”

போனில் ‘களுக்’ என்று ஒரு சத்தம். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. “யாரும்மா போன்ல?”

முதலாளி விறைத்துப் போனான். அது அவன் அம்மாவின் குரல்.

“உங்க புள்ளைதான் அத்தை” என்றது போன். கரகரப்பெல்லாம் உதிர்ந்து, காலையில் அவன் துண்டித்த அதே குரல். “என்னங்க செய்யறது? பொண்டாட்டியா சொன்னா ‘அப்புறம்’னீங்க. ஒத்தை ஸ்டாரா சொன்னா அன்னிக்கே செஞ்சீங்க.”