மெயின் சுவிட்ச்

"நான் முந்தானையால நெத்தியைத் தொடைச்சதும் மெயினை அணைச்சிருங்க. எதுக்குன்னு கேக்காதீக," என்று கணவன் செல்வினிடம் சொல்லியிருந்தாள் மரிய அனிதா.

தொண்ணூற்றெட்டில், காரைக்குடியில் நடந்த, மென்பொருளோடு இணைக்கும் ப்ளக்-இன் எனும் துணை நிரல்களுக்கான போட்டி. நடுவர் கடைசிக் கணினியில் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். யாருடைய உழைப்பைக் கெடுக்கப் போகிறாளோ என்று மெயின் சுவிட்ச் அருகில் நின்ற செல்வின் கவலைப்பட்டான்.

அனிதா நெற்றியைத் துடைத்தாள்.

"மாதாவே, மன்னிச்சிரு!" அணைத்துவிட்டான்.

"எவன்யா அது? ஒரு பக்கம் அடிச்சதெல்லாம் போச்சே!" என்று நடுவர் கத்த, பதறிப்போய் மறுபடியும் போட்டான்.

கணினி விழித்தது. அடித்ததில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

"இதுதான் சார் என் ப்ளக்-இன். கரண்ட் போனாலும் அடிச்சதைக் காப்பாத்திரும்," என்றாள் அனிதா. "தினமும் மூணு தடவை போற கரண்ட், இன்னைக்குன்னு பார்த்துப் போகலை. அதான் இவுகளை அங்குட்டு நிக்க வச்சேன்."