யாரோ ஒருத்தி

கல்லறைத் திருநாள். "இன்னாடா, இம்மாம் பாசி புடிச்சிருக்கு?" என்று கேட்டபடி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அந்தக் கல்லறையைத் தேய்த்துக் கழுவினாள் பிலோமினா. சாமந்தியைப் பரப்பி மெழுகுவத்தி ஏற்றினாள். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவள் மனசு கொஞ்சம் அடங்கும்.

காரில் வந்து இறங்கிய பெண் திகைத்து நின்றாள்.

"அம்மா, இது எங்கப்பா கல்லறை. நீங்க யாரு?"

"கேட்பாரில்லாம கெடந்துச்சும்மா. அதான் வருஷா வருஷம் நான் செய்றேன்."

"சென்னையில இருக்கோம், வர முடியல. இனிமே நாங்களே பாத்துக்கறோம். உங்க வீட்டுக் கல்லறை எது?"

"எம் புள்ளய கொரோனாவுல குவைத்துலயே பொதச்சிட்டாங்க. எந்த எடம்னுகூடத் தெரியல. இங்க யாருக்காவது நான் ஏத்துனா, அங்க யாரோ ஒருத்தி அவனுக்கு ஏத்த மாட்டாளா?"

பிலோமினா வாளியைத் தூக்கிக்கொண்டு, கேட்பாரில்லாத வேறொரு கல்லறையைத் தேடி நடந்தாள்.