கயிற்றின் மறுமுனை

"கர்த்தரே, பொண்ணா மட்டும் பொறந்துடக் கூடாது!"

காலையிலிருந்து முவேம்பா இதையே முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தான். உள்ளே முனகல் கேட்கும்போதெல்லாம் நின்று எட்டிப்பார்த்தான்.

"சும்மா குறுக்க நெடுக்க அலையாதய்யா. நீயா பெக்கப்போற?" பட்டிக்குள்ளிருந்து அவன் மனைவி லுயாண்டோ அதட்டினாள். அவள் மடியில் தலைவைத்து ஆடு முக்கிக்கொண்டிருந்தது.

ஜாம்பசி ஆற்றோரத்து க்வெம்பே பள்ளத்தாக்கில் மழை பொய்த்து, சோளம் கருகி, மாடுகளும் செத்தபின் தொண்டு நிறுவனம் கொடுத்த ஆடு அது. மாடு தாங்காத வறட்சியை ஆடு தாங்கும் என்றார்கள். ஒரே நிபந்தனைதான்: அது போடும் முதல் பெட்டைக்குட்டியை அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதுவும் சும்மா இல்லை. ஊர் பார்க்க இரண்டு வீட்டாரும் குட்டியைக் கட்டிய ஒரே கயிற்றைப் பிடித்து, ஒரே தட்டில் களி தின்ன வேண்டும். தட்டிக்கழித்தால் தாய் ஆடும் போய்விடும்.

அடுத்த குடும்பம் சிபேகோவுடையது. லுயாண்டோவின் கூடப்பிறந்த தங்கை. அப்பா செத்த வீட்டில் ஒரு மாட்டுக்காக முடியைப் பிடித்துக்கொண்டவர்கள், அன்றோடு பேச்சை விட்டார்கள். அடுத்த வறட்சியில் அந்த மாடும் செத்தது; சண்டை மட்டும் சாகவில்லை.

"பொட்டையா பொறந்தா என்னடி பண்ணுவ?"

"அவகூட ஒரே தட்டுலயா? தூ! குட்டி கழுத்தைத் திருகிப் போட்டாலும் போடுவேன், அவ வாசலுக்கு அனுப்ப மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். ஆட்டையும் பறிகொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சொட்டுப் பால் ஏது? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

குட்டி விழுந்தது.

"கிடா! கிடாக்குட்டிடி!" முவேம்பா துள்ளிக் குதித்தான்.

லுயாண்டோ எழுந்திருக்கவில்லை. குட்டியைத் துடைக்கக்கூடக் கை நீட்டாமல் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சந்தோஷமா இல்லையா?"

"இடுப்பு வலிக்குது. போய்யா அங்கிட்டு."

அவன் பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை, ஆடு மறுபடி முக்கியது. இரண்டாவது குட்டி பெட்டை. நேரம் பார்த்தாற்போல் வெளியே மோட்டார் சைக்கிள் சத்தமும் கேட்டது. ஈத்து பார்க்க நிறுவனத்து ஹாங்கோமா வந்துவிட்டான்.

முவேம்பா விழுந்தடித்து ஓடி, அவனைப் பட்டிக்குக் கேட்காத தூரத்துக்கு இழுத்துப்போனான்.

"தம்பி, பொட்டை பொறந்திருக்கு. கொடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா சிபேகோவுக்குன்னா என் பொண்டாட்டி குட்டியக் கொன்னே போட்டுருவா. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன், வேற குடும்பமா மாத்திவிடு. இத்தனை வீடு இருக்குற ஊர்ல உங்களுக்கு அவ ஒருத்திதானா கெடச்சா?"

ஹாங்கோமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னண்ணே வெளையாடுறீங்களா? மொதப் பொட்டைக்குட்டி என் தங்கச்சிக்குத்தான் வேணும்னு ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்து அழுததே உங்க வீட்டம்மாதானே!"